நாகப்பன் காலில் கிராம்பு வாசம்

டச்சு உலாந்தாக்காரன் கொடி பழவேற்காட்டுக் கோட்டையில் பறந்த நாட்களில், வருஷத்துக்கு ஒரு தடவை பசியாவரம் தீவு முழுக்கக் கிராம்பு மணக்கும். எங்கோ தூரத்துத் தீவுகளிலிருந்து கப்பல் வந்து நங்கூரம் போட்டு, மூட்டைகள் தோணிகளில் இறங்கி, கோட்டைக் கிடங்கின் கதவைத் திறந்தால் போதும். ஏரியின் மேல் வருகிற காற்று அந்த வாசத்தை அப்படியே தூக்கி வந்து கருவாடு காயும் மணலில் கொட்டும். உடனே குப்பத்தில் கூச்சல் கிளம்பும்.

"புண்ணுக்காரங்கள உள்ள தள்ளுங்கடீ! மூக்குல பஞ்சு வைங்க!"

புண்ணுக்கு வாசனை ஆகாது என்பது குப்பத்தின் கட்டு, மீறக் கூடாத சட்டம். உடம்பில் ஆறாத காயம் இருக்கிறவன் தாளிக்கிற வாசனையை மோந்தால் போதும், காயம் சீழ் பிடிக்கும் என்பார்கள். மல்லிகைப்பூ, சாம்பிராணி, மீன் பொரிக்கிற புகை எதுவும் ஆகாது. அதிலும் கிராம்பு எல்லாவற்றுக்கும் மேலே. காயம் பட்டவனைக் காற்று அடிக்கிற பக்கமாக ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் போட்டு, மூக்கின் இரண்டு துளையிலும் பஞ்சு வைத்து, உப்புக்கூடப் போடாத கஞ்சியைக் கொடுத்துப் படுக்க வைப்பார்கள்.

இப்போது அந்தக் கொடி இல்லை. கோட்டைச் சுவரையும் இங்கிலீஷ்காரன் இடித்துப் போட்டுவிட்டான். நாகப்பன் செத்துப்போய் ஆறு வருஷமாகிறது. அவன் பெண்டாட்டி லோகாம்பாள் இன்றைக்கும் மணலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்கும்போது, ஒன்றுமில்லாத காற்றில் முகத்தைத் தூக்கி ஒரு மூச்சு இழுப்பாள். பக்கத்தில் இருக்கிறவள், "இன்னாக்கா மோந்து பாக்குற?" என்று கேட்டால் சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வாள். சொன்னால் நீளமாகிவிடும். அந்தப் பன்னிரண்டு நாளையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்போது அவளுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். தை மாதம். விடியும் முன்பே ஏரியில் வலை இழுக்கப் போன நாகப்பனை, வெயில் ஏறுவதற்குள் இரண்டு பேர் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார்கள். சேற்றில் புதைந்து கிடந்த திருக்கை மீனை மிதித்துவிட்டான். அதன் வால் முள், வலது காலில் கணுக்காலுக்குக் கீழே பாய்ந்து, இழுத்தபோது சதையையும் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. நாலு விரல் நீளத்துக்கு வாய் பிளந்த காயம். நாகப்பன் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"பாடுக்கு இன்னும் எத்தினி நாளு கீது?"

"பன்னெண்டு" என்றாள் லோகாம்பாள்.

பாடு என்பது முகத்துவாரத்தில், கடலும் ஏரியும் கலக்கிற இடத்தில், கம்பு நட்டு வலை கட்டுகிற ஓர் இடம். அங்கே மீன் வந்து விழுகிற மாதிரி வேறு எங்கும் விழாது. அதனால் யாரும் நினைத்த நாளில் போய் அங்கே இறங்க முடியாது. வீடுகளுக்கு வரிசை உண்டு. ஒரு நாளைக்கு ஒரு வீடு. அந்த வீட்டு ஆம்பிளை தன் காலால் தண்ணீரில் இறங்கி ஏழு கம்பையும் தன் கையால் நட வேண்டும். உடம்பில் ரத்தம் கசிகிற காயத்தோடு இறங்கக் கூடாது. பாட்டுத் தண்ணீரில் ரத்தம் கலந்தால் அம்மனுக்குத் தீட்டு, அப்புறம் அந்தப் பருவம் முழுக்க மீன் திரும்பாது என்பார்கள். இறங்க முடியாதவனுடைய முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ஒரு தடவை போனால் பரவாயில்லை. இரண்டு தடவை அடுத்தடுத்துப் போனால் அந்த வீட்டின் பேரே வரிசையிலிருந்து எடுபடும். பிறகு அவன் காலத்துக்கும் மற்றவன் தோணியில் கூலிக்குத் துடுப்புப் போட வேண்டியதுதான். அவன் பிள்ளைகளும் அப்படித்தான்.

போன வருஷம் முறை வந்த அன்றைக்கு நாகப்பனைப் பெற்ற நைனா செத்துப்போனார். சாவுத் தீட்டில் முறை போயிற்று. இந்த வருஷமும் போனால் இரண்டு.

குப்பத்துக்குத் தலைவரான பெரியதனக்காரர் ஆதிநாராயணன் வந்து காலைப் பார்த்தார். ஒல்லியான மனிதர். பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பார்.

"கொட்டகைல போடுங்க. கட்டு தப்பாம இருக்கணும். பன்னெண்டாம் நாளு துணி போட்டு, ரத்தம் கசியுதான்னு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாகப்பனைப் பழைய வலைகள் போட்டு வைத்திருக்கும் கொட்டகையில் படுக்க வைத்தார்கள். ஈர வலையின் நெடி அங்கே சுவரைப் போல நிற்கும். அதைக் கட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். மீன், சேறு, வலை இதெல்லாம் குப்பத்தாருக்கு வாசனைக் கணக்கிலேயே வராது. நாகப்பன் மூக்கில் பஞ்சை வைத்தது கோவிந்தம்மா. வரிசையில் நாகப்பனுக்கு அடுத்த வீட்டுக்காரி. அவள் மகன் குப்பன்தான் நாகப்பனுக்கு அடுத்த முறைக்காரன். ஆனால் அவள் அதை மனசில் வைத்துக்கொண்டு செய்யவில்லை. அவள் புருஷன் இதே மாதிரி ஒரு காயத்தில், பக்கத்து வீட்டில் யாரோ கடுகு தாளித்த வாசனை பட்டுச் செத்ததாக அவள் நம்பினாள்.

"ஒழுங்கா படுத்துக் கெட, இன்னா? பஞ்ச எடுத்தே, கால எடுத்துடுவேன்" என்று நாகப்பனை மிரட்டிவிட்டுப் போனாள்.

உப்பு ஒத்தடம் கொடுத்தார்கள். மஞ்சள் பற்றுப் போடலாமென்றால் மஞ்சளுக்கும் வாசனை உண்டே என்று விட்டார்கள். நாலாம் நாள் லோகாம்பாள் துணியைப் பிரித்தபோது காயத்தின் ஓரம் வெள்ளையாக வீங்கி, நடுவில் மஞ்சளாகச் சீழ் கட்டியிருந்தது. கணுக்கால் வரைக்கும் சூடு. நாகப்பன் எட்டிப் பார்க்க முயன்றான்.

"எப்படிக் கீது?"

"ஆறிக்கினு வருது" என்றாள். வெளியே வந்து மணலில் உட்கார்ந்து அழுதாள்.

அன்றைக்கு மதியம் அவள் வழக்கம் போலக் கூடையில் நண்டும் இறாலும் எடுத்துக்கொண்டு தோணியேறிப் பழவேற்காட்டுக் கரைக்குப் போனாள். கோட்டையை ஒட்டிய தெருவில் ஒரு துரை வீட்டில் மேரி சமையல்காரி. லோகாம்பாளின் வயசுதான் இருக்கும். நண்டைப் பார்த்தால் மட்டும் குழந்தை மாதிரி ஆகிவிடுவாள். அன்று நண்டைப் புரட்டிப் பார்த்த மேரியின் இடது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் புதுசாக, வெளிர் சிவப்பாக இருந்தது.

"இன்னாடி கையி?"

"போன மாசம் கொதிக்கிற நெய்யி கொட்டிச்சே, நீதான் பாத்தியே. அய்யய்யோன்னு கத்தினியே."

"அதா? அதுக்குள்ள இப்படி ஆறிடிச்சா?"

லோகாம்பாள் அந்தக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, யாரிடமும் செய்யாததை, குனிந்து மோந்து பார்த்தாள்.

"கிராம்பு!"

"ஆமா. துரைசானி பல்லு வலிக்கு வெச்சிருக்கிற தைலம். கிராம்புலேர்ந்து எடுக்கிறது. நல்லெண்ணெயில கலந்து தடவினேன். மொதல்ல எரியும். அப்புறம் மரத்துப் போன மாதிரி ஆயிடும். சீழே புடிக்கலடி."

லோகாம்பாளுக்குக் கிடங்கு ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள். கிடங்கு வாசலில் மீன் விற்கிற நாட்களில் கிராம்பு மூட்டை சுமக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறாள். கயிறு உராய்ந்து அவர்கள் தோளெல்லாம் காயம் பட்டிருக்கும். கிராம்புத் தூளும் வேர்வையும் அதன்மேலே வழிந்தோடும். குப்பத்துக் கட்டு உண்மையென்றால் அவர்களில் ஒருவன்கூடப் பிழைத்திருக்கக் கூடாது. இத்தனை நாள் கண்ணால் பார்த்தும் இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

கால் விஷயத்தைச் சொன்னாள். மேரி உள்ளே போய், சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு நீலக் குப்பியில் தைலத்தை ஊற்றி மெழுகால் அடைத்துக் கொண்டுவந்தாள்.

"துரைசானிக்குத் தெரியாம குடுக்கறேன். ஒரு கரண்டி எண்ணெய்க்கு மூணே சொட்டு. தெரிதா? சும்மா அப்படியே ஊத்தினே, தோலே வெந்து உரிஞ்சிடும். மொதல்ல புண்ணக் கொதிச்சு ஆறின தண்ணில கழுவு."

திரும்பி வரும்போது தோணியில் லோகாம்பாளுக்கு ஒரே ஒரு கவலை. குப்பியைப் புடவைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தாள். அப்படியும் தோணிக்காரன் இரண்டு தடவை மூக்கைச் சுளித்துக் கோட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"கெடங்கு தொறந்துட்டானா இன்னா?"

"தெரியல அண்ணே" என்றாள்.

மனிதர் கண்ணுக்கு எதையும் மறைத்துவிடலாம். இந்த வாசத்தை எந்தப் பானைக்குள் போட்டு மூடுவது? குப்பத்தில் நல்லெண்ணெயில் கலந்து தடவினால் பத்தாவது வீட்டுக்குத் தெரிந்துவிடும். யோசித்துக்கொண்டே கரையேறியவளின் காலில் சுறா எண்ணெய்ப் பானை இடித்தது. சுறா ஈரலைக் காய்ச்சி எடுக்கிற எண்ணெய். தோணிப் பலகைக்குப் பூசுவார்கள். பானையைத் திறந்தால் தெருக்கோடியில் இருக்கிறவனுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். ஆனால் குப்பத்தார் யாரும் அதை மோந்து பார்ப்பதில்லை. அது தோணியின் வாசம், அவ்வளவுதான்.

மேரி எண்ணெய் என்று சொன்னது நல்லெண்ணெயைத்தான். ஆனாலும் எண்ணெய் எண்ணெய்தானே என்று லோகாம்பாள் தன் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு கரண்டி சுறா எண்ணெயில் மூன்று சொட்டு. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். சுறா நாறியது. கிராம்பு எங்கேயோ ஆழத்தில், தண்ணீருக்கடியில் பேசுகிற குரல் மாதிரி இருந்தது.

மூக்கில் பஞ்சோடு படுத்திருந்த நாகப்பனுக்கு எதுவும் தெரியவில்லை. கழுவியபோது பல்லைக் கடித்தான். எண்ணெய் பட்டதும், "எரியுதுடி, எரியுதுடி" என்று துள்ளினான். கொஞ்ச நேரத்தில், "இன்னா இது, காலு இருக்கிறதே தெரியல" என்றான். நாலு நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் தூங்கினான். வாயைத் திறந்துகொண்டு அவன் தூங்கியதைப் பார்த்துக்கொண்டே அவள் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அந்த முகத்தை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை தூக்கத்தில் பார்த்திருக்கிறாள். அன்றைக்குப் பார்த்த மாதிரி ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள். சீழ் வற்றியது. வீக்கம் இறங்கியது. காயத்தின் அடியிலிருந்து சிவப்பாக, மாதுளம் முத்து மாதிரி புதுச் சதை எழும்பியது. லோகாம்பாள் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது முகத்தைக் கஷ்டப்பட்டுச் சோகமாக வைத்துக்கொள்வாள்.

காட்டிக்கொடுத்தது பூனைகள்.

சுறா எண்ணெய் வாசத்துக்குப் பூனை வராமல் இருக்குமா? ஏழாம் நாளிலிருந்தே ஒன்றிரண்டு கொட்டகையைச் சுற்றத் தொடங்கின. எட்டாம் நாள் காலையில் பதினோரு பூனைகள். குப்பத்துப் பூனை மொத்தமும் அங்கேதான். ஆனால் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. இரண்டு அடி முன்னால் போகும், மூக்கை நீட்டும், தும்மும், தலையை உதறிக்கொண்டு பின்வாங்கும். மறுபடி உட்கார்ந்து கொட்டகையையே பார்க்கும். பஞ்சாயத்துக்கு வந்தவர்கள் தீர்ப்புக்குக் காத்திருப்பது போலப் பதினோரு பூனைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன.

கோவிந்தம்மா தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாக வந்தவள் நின்றுவிட்டாள். பூனைகளைப் பார்த்தாள். கொட்டகையைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள்.

"ஏண்டி லோகு, கால்ல இன்னா தடவுற?"

"சுறா எண்ணெய்தான் அத்தே. தோல் காயாம இருக்கட்டும்னு."

"சுறா எண்ணெய்னா இதுங்க இந்நேரம் அவன் கால நக்கிக் குழி பறிச்சிருக்குமே. ஏன் ஒண்ணும் கிட்ட போவல?"

லோகாம்பாள் கொட்டகை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பூனைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமப் பூடுமா?" என்று கோவிந்தம்மா விடுவிடுவென்று உள்ளே போய் நாகப்பன் காலுக்கு நேராகக் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் வெளுத்துவிட்டது.

"கிராம்பு! கிராம்பு போட்டுக் கீறாடா! உம் பொண்டாட்டி உன்னக் கொல்லப் பாக்குறாடா!"

அரை நாழிகைக்குள் குப்பமே கொட்டகை வாசலில் கூடிவிட்டது. ஆதிநாராயணன் வந்தார். குப்பன் வந்தான். நாகப்பன் படுத்தபடியே லோகாம்பாளைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"மூக்க அடச்சிட்டு இந்த வேலை பண்ணினியா?" என்றான். பஞ்சினால் அவன் குரல் கொணகொணவென்று வந்தது. யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

லோகாம்பாள் கூட்டத்தில் பேசுகிறவளே அல்ல. அன்றைக்கும் பேசவில்லை. நேராகப் போய் நாகப்பன் காலடியில் உட்கார்ந்து, கட்டை அவிழ்த்து, துணியை உதறிப் போட்டு, காலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். அவ்வளவுதான்.

சத்தம் அடங்கிவிட்டது. எல்லோரும் சீழை எதிர்பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். சுளித்த முகம் சுளித்தபடியே நின்றது. காயம் பாதிக்கு மேல் மூடியிருந்தது. ஓரத்தில் மெல்லிய தோல், பால்மேல் படிந்த ஆடை மாதிரி.

கோவிந்தம்மா மட்டும் தலையை ஆட்டினாள். "மேலாக்கத் தோலு போத்திக்கினு கீது. உள்ள அழுவிக்கினு இருக்கும். எங்க வூட்டுக்காரருக்கும் இப்படித்தான்" என்றாள்.

ஆதிநாராயணன் வெகு நேரம் தொண்டையைச் செருமினார். "கட்டு மீறினது தப்பு. அதுக்குத் தண்டம் அப்புறம் பேசுவோம். பாடுக்கு இறங்கலாமா கூடாதான்னு துணிதான் சொல்லணும், நாம சொல்லக்கூடாது" என்றார்.

கூட்டம் கலைந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. நாகப்பன் காலைத் தொடவே விடவில்லை. அவனும் அதே குப்பத்தில் பிறந்தவன்தானே. கிராம்பு என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து கால் குத்துகிறது என்றான், இழுக்கிறது என்றான், தலை சுற்றுகிறது என்றான்.

"இத்தினி நாளு ஆறிச்சில்ல?" என்றாள் லோகாம்பாள்.

"அப்போ எனக்குத் தெரியாது."

"உனக்குத் தெரிஞ்சா இன்னா, தெரியாட்டி இன்னாய்யா? தைலத்துக்குத் தெரியுமே அதுங் காரியம்."

"போடி."

ஒன்பதாம் நாள் முழுக்க அப்படியே போயிற்று. பத்தாம் நாள் காலையில் காயத்தின் ஓரம் லேசாகத் தடித்திருந்தது. இன்னும் இரண்டே நாள். லோகாம்பாள் அவன் எதிரில் உட்கார்ந்தாள். கத்தவில்லை, அழவில்லை.

"ஒங்க நைனா பேரு வரிசைல கீது. அவுங்க நைனா பேரும் கீது. அத நீயே அழிச்சிக்க. எனக்கு ஒண்ணுமில்ல, நான் கூடை தூக்கிப் பொழைச்சிப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அவள் வாசலைத் தாண்டும்போது நாகப்பன் கூப்பிட்டான்.

"இந்தா."

திரும்பினாள். அவன் பக்கத்தில் கிடந்த புதுப் பஞ்சை எடுத்து, விரலால் உருட்டி, பழையதற்கு மேலே இரண்டு மூக்கிலும் அழுத்தித் திணித்துக்கொண்டிருந்தான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

"நான் மோந்து பாக்கல. நீ இன்னா தடவுறன்னும் எனக்குத் தெரியாது. சீக்கிரம் தடவு" என்றான்.

லோகாம்பாள் வாய்விட்டுச் சிரித்தாள். இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது? சுறா எண்ணெயைக் கொட்டிவிட்டு, மேரி சொன்ன மாதிரியே நல்லெண்ணெயில் கலந்தாள். கொட்டகை முழுக்கக் கிராம்பு மணந்தது. வெளியே காத்திருந்த பூனைகள் ஒவ்வொன்றாக எழுந்து போயின. அவள் தடவத் தடவ அவன், "தெரியாது, எனக்குத் தெரியாது" என்று மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் அந்த மந்திரம் குறட்டையாக மாறிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் விடிந்தது. வடிநீர் வேளை. முகத்துவாரத்தில் மணல் திட்டுகள் முதுகு காட்டிக்கொண்டிருந்தன. ஏழு கம்புகளும் வலையும் கரையில் கிடந்தன. கொஞ்சம் தள்ளிக் குப்பனுடைய கம்புகளும் கிடந்தன. கோவிந்தம்மா நாலு பெரிய கூடைகளோடு வந்திருந்தாள். அதில் தப்பொன்றுமில்லை. அடுத்த முறைக்காரன் தயாராக இருக்க வேண்டும் என்பதும் கட்டுதான். லோகாம்பாள் கூடையே கொண்டுவரவில்லை. கூடையை எடுத்தால் முன்கூட்டியே ஆசைப்பட்டதாகி, முறை கெட்டுவிடும் என்று ஒரு பயம்.

வெளுத்த துணியொன்றைக் கடல் தண்ணீரில் நனைத்து மணலில் விரித்தார்கள். காயம் பட்டவன் அதன்மேல் நூறு எண்ணுகிற வரைக்கும் முழுப் பாரத்தையும் ஊன்றி நிற்க வேண்டும். எடுத்த பிறகு துணியில் ரத்தக் கறை இருந்தால் முறை போயிற்று.

நாகப்பன் நொண்டிக்கொண்டே வந்தான். வலது காலைத் துணியில் வைத்தான். உப்புத் தண்ணீர் பட்டதும் அவன் கழுத்து நரம்பு ஒரு தடவை புடைத்தது. ஆதிநாராயணன் எண்ணத் தொடங்கினார்.

"...அறுபத்தொண்ணு, அறுபத்திரெண்டு, அறுபத்திமூணு, அறுபத்தஞ்சு..."

"மாமா, நாலு பூடிச்சி" என்றான் குப்பன்.

"எங்கடா பூடிச்சி?"

"அறுபத்தி நாலு."

"செரி. அறுபத்தி நாலு. அறுபத்தஞ்சு..."

லோகாம்பாளுக்கு ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு நாளாக நீண்டது. நூறு வந்தது. நாகப்பன் காலை எடுத்தான். எல்லோரும் குனிந்தார்கள். துணியில், காயம் பட்ட இடத்துக்கு நேராக, ஒரு கறை இருந்தது. உள்ளங்கையகலம். பழுப்பு நிறம்.

"கறை" என்றான் குப்பன். அவன் குரலில் சந்தோஷம் இல்லை. இருந்ததை இருக்கிறபடி சொன்னான்.

"ரத்தம் செவப்பாத்தானே இருக்கும்?" என்றாள் யாரோ.

"பழைய ரத்தம் பழுப்பாத்தான் இருக்கும்" என்றாள் கோவிந்தம்மா.

அது எண்ணெய் என்று லோகாம்பாளுக்குத் தெரியும். இரண்டு நாளாகத் தோலில் ஊறிய எண்ணெய், உப்புத் தண்ணீர் பட்டு வெளியே வந்திருக்கிறது. ஆனால் அவள் சொன்னால் யார் கேட்பார்கள்? கட்டை மீறினவள் அவள். தண்டம் அவள் தலைமேல் நிற்கிறது. என்றாலும் கால்கள் தானாக இரண்டு அடி முன்னால் வந்துவிட்டன.

"பெரீப்பா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "பெரீப்பா, கண்ணுக்குப் பழுப்புதான். மோந்து பாருங்க."

புண்ணிலிருந்து வந்த துணியை மோந்து பார்ப்பதா? அதுவும் பெரியதனக்காரரா? ஆதிநாராயணன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் குனிந்து துணியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். கறை இருந்த இடத்தை மூக்கின் பக்கத்தில் கொண்டுபோனார். தயங்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு இழுத்தார்.

கண்ணைத் திறக்கவில்லை. இன்னொரு மூச்சு இழுத்தார். மூன்றாவதும் இழுத்தார்.

"மாமா?" என்றான் குப்பன்.

"இருடா" என்றார் அவர். வருஷா வருஷம் காற்று கொண்டுவந்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்ட மனிதர், அறுபது வயசில் முதல் தடவையாக அதை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் துணியைக் குப்பன் கையில் கொடுத்தார். குப்பன் மோந்தான். பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்தான். துணி கை மாறி மாறிக் கூட்டத்தைச் சுற்றியது. ஒருவரும் சீக்கிரம் விடவில்லை. கோவிந்தம்மாவிடம் வந்தபோது அவள் வாங்கிக்கொள்ளாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி, மோந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. தன் புருஷனைப் படுக்க வைத்த கொட்டகையை நினைத்திருப்பாளோ என்னவோ. அதை லோகாம்பாள் கடைசிவரை கேட்டதில்லை.

"ரத்தம் இப்படி மணக்காது" என்றார் ஆதிநாராயணன். தொண்டையைச் செருமவில்லை. "எண்ணெய். எறங்குடா நாகப்பா. தண்ணி திரும்பறதுக்குள்ள கம்ப நடு."

நாகப்பன் கம்புகளைத் தோளில் அடுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். முழங்கால், தொடை, இடுப்பு. முதல் கம்பை ஊன்றி, அதன்மேல் தன் உடம்பையே போட்டு அழுத்தினான். இரண்டாவது. மூன்றாவதில் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். லோகாம்பாள் ஒரு கையால் இன்னொரு கையைப் பிசைந்தாள். அவன் நிமிர்ந்துகொண்டான். நாலு, ஐந்து, ஆறு. ஏழாவது கம்பு நின்றபோது ஏற்றத் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கிவிட்டது. வலையின் மடி மெல்ல உப்பியது. வெயில் பட்டு அதற்குள் இறாலும் மடவையும் துள்ளுவது கரையிலிருந்தே தெரிந்தது.

"இன்னாடி மரம் மாரி நின்னுக்கினு கீற?" தண்ணீருக்குள்ளிருந்து நாகப்பன் கத்தினான். "கூடை எங்கடி? எத்தினி நேரம் புடிச்சிக்கினு நிக்கிறது?"

லோகாம்பாள் திடுக்கிட்டுத் தன் வெறுங்கையைப் பார்த்தாள். ஓட வேண்டும், தீவின் அந்தக் கோடிக்கு ஓடிப் போய் எடுத்து வர வேண்டும். அவள் திரும்பியபோது முதுகில் ஏதோ இடித்தது. கோவிந்தம்மா தன்னுடைய கூடையொன்றை அவள்மேல் தள்ளிக்கொண்டு நின்றாள்.

"போ. எடுத்துக்கினு போ" என்றாள். மற்ற மூன்று கூடைகளையும் தானே இடுப்பில் இடுக்கிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, லோகாம்பாளுக்கு முன்னாலேயே தண்ணீரில் இறங்கினாள்.

அந்தக் கூடைகளைத் திருப்பிக் கொடுத்தோமா இல்லையா என்று லோகாம்பாளுக்கு இன்றைக்கு வரைக்கும் ஞாபகம் வரவில்லை. நாலும் நிறைந்தன. அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. தண்டத்தைப் பற்றி ஆதிநாராயணன் அதற்கப்புறம் பேச்சே எடுக்கவில்லை.